புகைப்படக் குழுவுக்குச் சொந்தப் படத் தளம் தேவையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சில நூறு உறுப்பினர்கள் உள்ள ஒரு புகைப்படக் குழுவை இணையத்தில் நடத்துகிறவர்களுக்காக எழுதியது. மாதப் போட்டி, விமர்சனம், அவ்வப்போது ஒரு போட்டோ வாக் என்று ஓடிக்கொண்டிருக்கும் குழுவில், "நாமே ஒரு தளம் போட்டால் என்ன?" என்று என்றைக்காவது ஒருவர் கேட்பார். அந்தப் பேச்சில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை.

நேரடியாகச் சொல்லுங்கள். வைக்கலாமா, வேண்டாமா?

ஃப்ளிக்கர் என்ற படப் பகிர்வுத் தளம் மாதிரி, எல்லாரும் எல்லாப் படத்தையும் ஏற்றுகிற ஒரு குட்டித் தளத்தைக் கட்ட நினைத்தால், வேண்டாம். குழு தேர்ந்தெடுத்த படங்கள், போட்டி முடிவுகள், அவற்றின் மீது எழுதிய விமர்சனங்கள் ஆகியவற்றை மட்டும் உங்கள் டொமைனில் (சொந்த இணைய முகவரியில்) வைக்க நினைத்தால், தாராளமாக வைக்கலாம். வைத்தே ஆக வேண்டும் என்றுகூடச் சொல்வேன். உறுப்பினர்களின் அசல் ஃபைல்களைக் காப்பது அவரவர் வேலை. குழுவாகச் சேர்ந்து உருவாக்கியது எதுவோ அதைக் காப்பதுதான் குழுவின் வேலை. இந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டால் கீழே வரும் கேள்விகளில் பாதி எளிதாகிவிடும்.

இலவசத் தளங்கள் இத்தனை இருக்க, இந்தத் தலைவலி எதற்கு?

இலவசம் எப்படி முடிகிறது என்று பார்த்துவிட்டதால்தான். 2017 ஜூன் கடைசியில் ஃபோட்டோபக்கெட் என்ற படத் தளம் தன் விதிகளை மாற்றியது. அங்கே ஏற்றிய படத்தை வேறு பக்கங்களில் காட்ட வேண்டுமானால் ஆண்டுக்கு 399.99 டாலர் கட்டு என்றார்கள். கட்டாதவர்களின் படம் இருந்த இடத்தில் எல்லாம் ஒரு எச்சரிக்கைப் படம் உட்கார்ந்துகொண்டது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாக எழுதப்பட்ட லென்ஸ் ஒப்பீடுகள், கேமரா பழுதுபார்க்கும் விளக்கங்கள் எல்லாம் ஒரே வாரத்தில் படமில்லாத வெறும் எழுத்தாகிவிட்டன. அடுத்த ஆண்டு விலையைக் குறைத்தார்கள்தான். அதற்குள் போனவர்கள் போயிருந்தார்கள்.

ஃப்ளிக்கர் கதை கொஞ்சம் கௌரவமானது. 2013-இல் யாஹூ எல்லாருக்கும் 1 டிபி இலவசம் என்றது. 2018-இல் ஸ்மக்மக் நிறுவனம் ஃப்ளிக்கரை வாங்கியதும், அந்த நவம்பரிலேயே இலவசக் கணக்குக்கு 1000 படம்தான் என்று அறிவித்து, 2019-இல் மிச்சத்தை நீக்கத் தொடங்கியது. மற்றவர்களும் பயன்படுத்த அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருந்த படங்களுக்கு மட்டும் விலக்கு. முன்கூட்டியே சொன்னார்கள், இறக்கிக்கொள்ள அவகாசமும் கொடுத்தார்கள். இருந்தும் மின்னஞ்சலைப் பார்க்காதவர்கள், கணக்கையே மறந்தவர்கள், இறந்துபோனவர்கள் என்று ஒரு கூட்டம் எப்போதும் உண்டு.

பிக்காசா வெப் ஆல்பம் 2016-இல் போனது, அதே ஆண்டு பனோராமியோ. புகைப்படக்காரர்கள் கூட்டமாகக் குடியேறிய கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில். 2023-இல் இம்கர், கணக்கில்லாமல் ஏற்றிக் கேட்பாரற்றுக் கிடந்த பழைய படங்களை நீக்கப்போவதாக அறிவித்தது.

இவர்கள் யாரும் கெட்டவர்கள் என்று சொல்ல வரவில்லை. படம் அவர்களிடம் இருந்தது, லிங்கும் அவர்கள் பெயரில் இருந்தது. அதனால் அவர்கள் முடிவெடுத்த அன்றைக்கு நம்மால் செய்ய ஒன்றுமில்லாமல் போனது.

வாட்ஸ்அப்பும் இன்ஸ்டாகிராமும் போதாதா?

பேச்சுக்குப் போதும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் நசுங்கிவிடும், மூன்று நாளில் "குட் மார்னிங்" படங்களுக்கு அடியில் புதைந்தும் போகும். இன்ஸ்டாகிராமில் நிழற்பகுதியின் நுணுக்கத்தைப் பற்றி விமர்சனம் எழுதலாம் என்று பார்த்தால், அது படத்தைச் சுருக்கியதில் அந்த நுணுக்கமே போயிருக்கும். 2021 மார்ச் போட்டியில் இரண்டாம் பரிசு வாங்கிய படம் எது என்று இந்த இரண்டிலும் தேடிப் பாருங்கள், புரியும்.

இடமும் செலவும் எவ்வளவு ஆகும்?

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். 500 பேர், ஆளுக்கு மாதம் 10 படம் என்று வைத்துக்கொள்வோம். 24 மெகாபிக்சல் கேமராவிலிருந்து வரும் நல்ல தரமான ஜேபெக் சுமார் 10 எம்பி இருக்கும். ஆக மாதம் 5,000 படம், 50 ஜிபி. ஆண்டுக்கு 600 ஜிபி. அதே படங்களை நீளப் பக்கம் 2048 பிக்சலுக்குச் சுருக்கி வாங்கினால் ஒன்று 700 கேபி அளவில் நிற்கும். மாதம் மூன்றரை ஜிபி, ஆண்டுக்கு 42 ஜிபி. சாதாரண பென்டிரைவில் அடங்கிவிடும்.

வைக்கிற இடம் மலிவு. பேக்பிளேஸ் மாதிரி இணையச் சேமிப்பு நிறுவனங்களில் ஒரு டிபிக்கு மாதம் சில டாலர்தான் வரும். செலவு எகிறுவது படம் வெளியே போகும்போது. அந்த 500 பேரும் தினம் 20 படத்தைப் பெரிதாகத் திறந்து பார்த்தால் 10,000 பார்வை. 700 கேபி படமானால் நாளுக்கு 7 ஜிபி, மாதம் 210 ஜிபி. 10 எம்பி அசலையே காட்டினால் மாதம் 3,000 ஜிபி. அமேசானின் எஸ்3 என்ற சேமிப்புச் சேவையின் அமெரிக்கப் பட்டியல் விலைப்படி மாதம் முதல் 100 ஜிபி இலவசம், அதற்கு மேல் ஜிபிக்கு 9 சென்ட். முதல் கணக்கில் பத்து டாலர், இரண்டாவதில் 261 டாலர். அதே குழு, அதே படங்கள்! அசலைக் காட்டலாமா சுருக்கியதைக் காட்டலாமா என்ற ஒரே முடிவில் இத்தனை வித்தியாசம்.

எனவே முதல் நாளே ஒரு விதி போடுங்கள்: நீளப் பக்கம் 2048, அதற்கு மேல் வந்தால் சர்வரே சுருக்கிக்கொள்ளும். "பிரிண்ட் போட அசல் வேண்டுமே" என்று யாராவது கேட்டால், எடுத்தவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். மாத வாடகைக்குக் கிடைக்கும் சாதாரண சர்வர்களில் சில டிபி டிராஃபிக் வாடகையோடு சேர்ந்தே வரும். இந்த அளவு குழுவுக்கு அதுவே தாங்கும், ஜிபிக்கு இத்தனை என்ற கணக்குக்குள் போக வேண்டியதே இல்லை.

திடீரென்று பில் எகிறுமா?

எகிறும். காரா என்ற தளம் இதற்கு நல்ல பாடம். அதைத் தொடங்கியவர் ஜிங்னா ஜாங் என்ற புகைப்படக் கலைஞர். 2024 ஜூனில், மெட்டா நிறுவனம் இன்ஸ்டாகிராம் படங்களை செயற்கை நுண்ணறிவுப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளும் என்ற கோபத்தில் ஓவியர்களும் புகைப்படக்காரர்களும் காராவுக்கு ஓடினார்கள். சுமார் 40,000 ஆக இருந்த பயனர் எண்ணிக்கை ஒரே வாரத்தில் ஆறரை லட்சத்தைத் தாண்டியது. சர்வர் பில் 96,280 டாலர். கையிலிருந்து போட்டு, தன்னார்வலர்களை வைத்து நடத்திக்கொண்டிருந்த தளம் அது.

உங்கள் குழுவுக்கு ஆறரை லட்சம் பேர் வரப்போவதில்லை. ஆனால் போட்கள் (தானாக இயங்கும் மென்பொருள்கள்) வரும். 2024 ஜனவரியிலிருந்து படங்களையும் வீடியோக்களையும் இறக்குவதற்கான பேண்ட்வித் (வெளியே போகும் டேட்டா அளவு) 50 சதவீதம் கூடிவிட்டது என்று விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா 2025 ஏப்ரலில் சொன்னது. கூடுதலாக வந்தது மனிதர்கள் அல்ல, செயற்கை நுண்ணறிவுக்காகப் படங்களை வாரிச் செல்லும் மென்பொருள்கள். விக்கிமீடியாவுக்கே இந்த நிலை என்றால் மூன்று பேர் நடத்தும் தளம் எம்மாத்திரம். பயன்பாட்டுக்கேற்ப பில் போடும் இடத்துக்குப் போகாதீர்கள். போய்த்தான் ஆக வேண்டுமென்றால், இத்தனை டாலருக்கு மேல் போனால் தளம் நிற்கட்டும் என்று வரம்பு வைக்க முடிகிற இடமாகப் பாருங்கள். ஒரு நாள் தளம் படுத்துக்கிடப்பதால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது.

சரி, பணம் பிரச்சினை இல்லை. அப்புறம் என்ன தயக்கம்?

ஆள். குழுக்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது இங்கேதான். பணக் கணக்கை எல்லாரும் போடுகிறார்கள், ஆள் கணக்கை யாரும் போடுவதில்லை.

படத்தை ஏற்ற விடுவது என்றால், யாரோ அனுப்பிய ஃபைலை உங்கள் சர்வர் திறந்து பார்க்கிறது என்று பொருள். 2016-இல் இமேஜ்மேஜிக் என்ற, படங்களை மாற்றியமைக்கும் மென்பொருளில் ஒரு பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தது. இணையத்தில் ஏராளமான தளங்கள் தம்ப்நெயில் (சிறு முன்னோட்டப் படம்) போட அதைத்தான் நம்பியிருந்தன. படம் மாதிரி தோற்றமளிக்கும் ஒரு ஃபைலை ஏற்றினாலே போதும், சர்வரில் தாக்குபவரின் கட்டளை ஓடும். இமேஜ்டிராஜிக் என்று கேலிப்பெயரே வைத்தார்கள். அப்படி ஒன்று வெளிவந்த அன்று மாலைக்குள் உங்கள் குழுவில் யார் உட்கார்ந்து அப்டேட் போடுவார்? அவர் ஊரில் இல்லாவிட்டால் அடுத்தவர் யார்? பாஸ்வேர்டு எத்தனை பேரிடம் இருக்கிறது?

தொழில்நுட்பம் போக மனித வேலையும் உண்டு. "என் தங்கையின் படத்தை யாரோ திருவிழாவில் எடுத்துப் போட்டிருக்கிறார்கள், உடனே எடுங்கள்" என்று இரவு பதினொரு மணிக்கு ஒரு அண்ணன் போன் செய்வார். நியாயமான கோபம். போட்டியில் தோற்றவர், ஜெயித்த படம் திருடியது என்று புகார் அனுப்புவார். சில சமயம் அதுவும் நியாயமாகவே இருக்கும். ஆபாசப் படத்தை ஏற்றிப் பார்க்கும் விஷமிகள் தனி. ஏற்றிய படம் எதுவும் ஒரு அட்மின் பார்க்காமல் வெளியே வராது என்ற ஏற்பாடு இருந்தால் இதில் பெரும்பகுதி வாசலிலேயே நின்றுவிடும். மாதம் 5,000 படத்தை அப்படிப் பார்க்க முடியாது, 150 படத்தைப் பார்க்கலாம். தேர்ந்தெடுத்ததை மட்டும் வையுங்கள் என்று முதலிலேயே சொன்னதற்கு, இடத்தைவிடவும் டாலரைவிடவும் இதுதான் காரணம்.

என் அளவுகோல் இது: கணினி வேலை தெரிந்த இரண்டு பேர், விதி தெரிந்த இரண்டு அட்மின்கள், இந்த நால்வரும் வெவ்வேறு வீட்டில் இருக்க வேண்டும். கணவன், மனைவி, மச்சான் என்று ஒரே குடும்பமாக இருந்தால் அவர்கள் வீட்டுக் கல்யாணம் வரும் மாதம் தளம் அனாதை.

சொந்தமாக நடத்தி நிலைத்தவர்கள் உண்டா?

உண்டு. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் ஜியோகிராஃப் என்ற திட்டம் 2005-இல் தொடங்கியது. நிலத்தைக் கிலோமீட்டர் சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு சதுரத்துக்கும் அதன் இயல்பைக் காட்டும் படங்களைச் சேர்ப்பதுதான் வேலை. 70 லட்சத்துக்கும் மேல் படங்கள், எல்லாமே கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில். பதிவு செய்த அறக்கட்டளையாக இயங்குகிறது. அங்கே போடப்படும் படத்துக்கு ஒரு வேலை இருக்கிறது: இந்தச் சதுரத்தில் இது இருக்கிறது என்று காட்ட வேண்டும். "என் அழகான சூரிய அஸ்தமனம்" என்று எதையாவது கொண்டுவந்து கொட்ட முடியாது.

இன்னொன்று ஐபர்னிட்டி என்ற படப் பகிர்வுத் தளம். பிரான்சில் 2007-இல் ஒரு நிறுவனமாகத் தொடங்கியது. 2017-இல் மூடும் நிலை வந்தபோது, உறுப்பினர்களே ஒரு சங்கம் அமைத்துத் தளத்தைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். விளம்பரம் இல்லை, உறுப்பினர் சந்தாவில் ஓடுகிறது. சந்தா கட்டச் சம்மதித்தவர்கள் போதுமான அளவு இருந்ததால்தான் அது நடந்தது. தளம் கட்டுவதற்கு முன்னால் குழுவில் ஆண்டுச் சந்தா என்று ஒன்றை அறிவித்து எத்தனை பேர் கட்டுகிறார்கள் என்று பாருங்கள். கைதட்டும் ஸ்மைலியை எண்ண வேண்டாம், வந்த பணத்தை எண்ணுங்கள்.

எந்த மென்பொருளைப் பயன்படுத்தலாம்?

சின்ன காட்சிக்கூடத்துக்கு பிவிகோ என்ற மென்பொருள். 2002 முதல் வளர்ந்து வரும் பிரெஞ்சுத் திட்டம், சாதாரண ஹோஸ்டிங்கிலேயே ஓடும். ஏற்றியவுடன் படத்தைச் சுருக்கிக்கொள்ளும் வசதி உண்டு. கம்யூனிட்டி என்ற பிளகினைப் போட்டால் உறுப்பினர் ஏற்றுவதும் அட்மின் அனுமதிப்பதும் நடக்கும். தோற்றம் கொஞ்சம் பழசுதான், அதற்காக ஒதுக்காதீர்கள்.

இன்ஸ்டாகிராம் மாதிரி வேண்டுமென்றால் பிக்சல்ஃபெட். மஸ்டடான் மாதிரி, ஒரே நிறுவனத்தின் கையில் இல்லாத சமூக ஊடகத் தளங்களோடு பேசும் என்பது அதன் பலம். வெளியிலிருந்து வருவதையும் நீங்கள்தான் மேற்பார்வை செய்ய வேண்டும் என்பது சுமை. இம்மிச் என்ற மென்பொருள் நன்றாக இருக்கிறதே என்பார்கள். நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அது வீட்டுப் படங்களுக்கானது.

நீங்களே எழுத ஆரம்பிக்காதீர்கள். குழுவில் ஒரு மென்பொருள் பொறியாளர் ஆசையாக முன்வருவார், மூன்று மாதத்தில் அழகாகவும் செய்து தருவார். அவர் வேலை மாறிப் போனபின் அந்த நிரலைத் தொட ஆள் இருக்காது.

எக்ஸிஃப் தகவலை நீக்க வேண்டுமா, வைக்க வேண்டுமா?

எக்ஸிஃப் என்பது கேமரா படத்துக்குள்ளேயே எழுதி வைக்கும் விவரங்கள். கற்றுக்கொள்கிறவர்களுக்கு அதில் ஷட்டர் வேகம், அபர்ச்சர், ஐஎஸ்ஓ, லென்ஸ் எல்லாம் தெரிய வேண்டும். ஜிபிஎஸ் மட்டும் கண்டிப்பாகப் போக வேண்டும். போனில் எடுத்த குழந்தைப் படம் வீட்டு வாசலைச் சில மீட்டர் துல்லியத்தில் காட்டிக்கொடுக்கும். பறவை எடுப்பவர்களுக்கு இது இன்னும் நன்றாகத் தெரியும்: கூட்டின் இடம் வெளியே தெரிந்தால் அடுத்த ஞாயிறு பத்து டெலிலென்ஸ் அங்கே நிற்கும். பறவைகளைப் பார்த்தவர்கள் பதிவு செய்யும் ஈபேர்ட் தளமே அபாயத்திலுள்ள சில பறவைகளின் இடத்தை மறைத்துத்தான் காட்டுகிறது.

இதில் ஒரு பொறி இருக்கிறது. இமேஜ்மேஜிக்கில் ஸ்ட்ரிப் என்ற ஒரு சொல்லைச் சேர்த்தால் எல்லாத் தகவலும் போய்விடும் என்று இணையத்தில் எங்கும் எழுதியிருக்கும். உண்மைதான், கூடவே கலர் புரொஃபைலும் (நிறங்களை எப்படிக் காட்ட வேண்டும் என்ற குறிப்பு) போய்விடும். அடோபி ஆர்ஜிபி என்ற வண்ண முறையில் சேமித்த படம் அதன்பின் பிரவுசரில் வெளுத்துப்போய் நிற்கும். "உங்கள் தளம் என் சிவப்பைக் கொன்றுவிட்டது" என்று புகார் வந்தால் பெரும்பாலும் இதுதான் காரணம். முதலில் இணையத்தில் வழக்கமான எஸ்ஆர்ஜிபி வண்ண முறைக்கு மாற்றுங்கள், தேவையான நான்கு தகவலைத் தனியே எடுத்து வையுங்கள், அதன்பின் நீக்குங்கள்.

பேக்கப்?

மூன்று பிரதி, இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்று வேறு இடத்தில். 3-2-1 என்கிற இந்த விதியைப் பரப்பியவர் பீட்டர் க்ரோ என்ற புகைப்படக்காரர், நம் தொழிலிலிருந்து கணினி உலகத்துக்குப் போன விதி இது. படங்களோடு டேட்டாபேஸையும் எடுங்கள். அதை விட்டுவிட்டால் யார் எடுத்தது, யார் என்ன சொன்னார் என்பதெல்லாம் போய், வெறும் எண் பெயர் கொண்ட ஃபைல்கள்தான் மிஞ்சும். ஆண்டுக்கு ஒருமுறையாவது பேக்கப்பிலிருந்து தளத்தை வேறு சர்வரில் எழுப்பிப் பாருங்கள்.

படங்களின் உரிமை யாருக்கு?

எடுத்தவருக்கு. உங்கள் விதிமுறையில் குழு கேட்க வேண்டியது இவ்வளவுதான்: தளத்தில் காட்டவும், அளவு மாற்றவும், பேக்கப் வைக்கவும் அனுமதி. உறுப்பினர் நீக்கச் சொன்னால் அந்த அனுமதி முடிந்தது. குழு பின்னாளில் யாரிடமாவது கைமாறினாலும் இதற்கு மேல் எதுவும் மாறாது என்று ஒரு வரி சேருங்கள். 500பிக்சல் என்ற படத் தளம் 2018-இல் விஷுவல் சைனா குரூப் என்ற சீன நிறுவனத்தின் கைக்குப் போனபின், அங்கே கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் படம் போடும் வசதியே எடுக்கப்பட்டுவிட்டது.

ஒரு விஷயம் கல்யாண போட்டோகிராபர்கள் பலருக்குத் தெரிவதில்லை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவின்படி, ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். ஆகவே "நான்தானே எடுத்தேன்" என்று மணப்பெண்ணின் படத்தைப் போட்டிக்கு அனுப்ப முடியாது. ஏற்றும் பக்கத்தில் இதற்கென்று ஒரு டிக் பாக்ஸ் வையுங்கள்.

சட்டப்படி நமக்கு என்ன பொறுப்பு?

இந்தியாவிலிருந்து நடத்தினால், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 79-ஆம் பிரிவு, மற்றவர்கள் ஏற்றியதற்கு உங்களுக்கு நிபந்தனையோடு பாதுகாப்பு தருகிறது. அந்தச் சட்டத்தின் கீழ் வந்த 2021 விதிகளின்படி குறைதீர்ப்பு அலுவலர் ஒருவரின் பெயரையும் தொடர்பு விவரத்தையும் தளத்தில் போட வேண்டும். பதிப்புரிமைச் சட்டத்தின் விதிகளின்படி, பதிப்புரிமைப் புகார் எழுத்தில் முறையாக வந்தால் 36 மணி நேரத்துக்குள் படத்தை மறைக்க வேண்டும். 21 நாளில் நீதிமன்ற உத்தரவு வராவிட்டால் திரும்பக் காட்டலாம். இந்த விதிகள் அடிக்கடி திருத்தப்படுகின்றன, தொடங்கும்போது ஒரு வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் பேசிவிடுவது நல்லது. சர்வர் எந்த நாட்டில் இருக்கிறதோ அந்த நாட்டுச் சட்டமும் சேரும்.

இப்போது எல்லாமே ஃப்ளிக்கர் குரூப்பில் இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

முதலில் ஒரு டொமைன் வாங்குங்கள். ஒவ்வொரு போட்டிப் படத்துக்கும் அதில் நிலையான ஒரு முகவரி கொடுங்கள். படம் இன்றைக்கு ஃப்ளிக்கரில் இருந்தாலும் நாளை வேறெங்கு போனாலும் வெளியே கொடுக்கும் லிங்க் உங்கள் டொமைனில்தான் இருக்க வேண்டும். அடுத்து, பழைய வெற்றியாளர்களிடம் அனுமதி கேட்டு 2048 பிரதிகளை வாங்குங்கள். பதில் வராதவர்களின் படத்தை எடுக்காதீர்கள், பெயரையும் தலைப்பையும் பட்டியலில் வைத்தால் போதும். ஃப்ளிக்கர் குரூப்பை மூட வேண்டாம், புதியவர்கள் வந்து சேர அது நல்ல வாசல்.

ஒருநாள் மூட வேண்டி வந்தால்?

தொடங்கும் நாளிலேயே எழுதி வைத்துவிடுங்கள்: குறைந்தது 90 நாள் முன்னறிவிப்பு, ஒவ்வொருவருக்கும் அவர் படங்களும் அவற்றின் மீதான விமர்சனங்களும் ஒரே ஜிப் ஃபைலில், கணக்கில் மிச்சமிருக்கும் சந்தா எங்கே போகும் என்ற விவரம். டொமைன் ஒரு தனி ஆளின் கார்டில் புதுப்பிக்கப்படும்படி விடாதீர்கள். தளத்தை நிறுத்திய பிறகும் மூன்று நான்கு ஆண்டுகளுக்கு டொமைனுக்குப் பணம் கட்டி, "குழு இப்போது இங்கே இருக்கிறது" என்று ஒரு பக்கம் மட்டும் வையுங்கள். கைவிடப்பட்ட டொமைன்களை வாங்க ஆட்கள் காத்திருக்கிறார்கள். அதை விட்டுவிட்டால் உங்கள் உறுப்பினர்கள் எங்கெங்கோ கொடுத்திருந்த லிங்குகள் எல்லாம் சூதாட்ட விளம்பரத்துக்குப் போய் நிற்கும்.